அடுத்து இறங்க வேண்டியவள்

இவள் அவுட் ஆகித் தொலைய மாட்டேன் என்கிறாளே என்று பவுலின் நினைத்தாள். நினைத்தது சொந்த அணியின் தலைவியைப் பற்றி. சம்யுக்தா அப்போதுதான் ஒரு பந்தைக் கவர் பக்கம் தள்ளிவிட்டு ஓடாமல் நின்று கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நிற்க உரிமை இருப்பவளைப் போல. எதிர்முனையில் மிருதுளா. இரண்டு பேரும் சேர்ந்தது முதல் பவுலின் கால்பேடு கட்டி உட்கார்ந்திருக்கிறாள், இந்த வேப்பமரத்தடியில், ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில். கட்டும்போது முகத்தில் நிழல் இருந்தது. இப்போது வெயில் மடிவரை ஏறிவிட்டது. முழங்காலுக்குப் பின்னால் பட்டை அறுக்கிறது, தொடைக்குள் வியர்வை எறும்பு போல இறங்குகிறது, அவிழ்த்துக் கட்டலாம்தான், ஆனால் அவிழ்க்கிற நேரம் பார்த்து அங்கே ஒருத்தி விழுந்தால்? விழட்டும். விழ வேண்டும். மிருதுளா என்றாலும் சரி, சம்யுக்தா என்றாலும் சரி, ஓடும்போது காலிடறி நடு பிட்ச்சில் குப்புற விழுந்தால்கூட சரி, பல்லு போனால்கூட. இப்படி நினைக்கிறோமே என்று தேடிப்பார்த்தாள், வெட்கம் எதுவும் கிடைக்கவில்லை. பத்தொன்பது வருடம் ஆடி, கடைசி நாளில் நாற்காலியில் உட்கார்ந்து வேகிறவளுக்கு வெட்கம் எங்கிருந்து வரும். ஆட்டமும் ஒன்றுக்கும் ஆகாத ஆட்டம். இரண்டு மாவட்டமுமே அரையிறுதிக்குப் போகவில்லை, யார் ஜெயித்தாலும் ராத்திரி பஸ் ஏறி ஊருக்குத்தான். கல்லூரிப் பிள்ளைகள் மைதானத்தைக் குறுக்கே கடந்து கேன்டீனுக்குப் போகிறார்கள், ஒருத்தரும் ஸ்கோர் கேட்கவில்லை. தூரத்தில் சிறுமலை மட்டும் ஆட்டத்தைப் பார்க்கிற மாதிரி குந்தியிருக்கிறது, அதுவும் சும்மா இருக்கிறது. ஜெயிக்க வேண்டியது இருபது ரன்னுக்கும் கீழே வந்துவிட்டது. ஒருத்தியும் அவுட்டாக மாட்டாள். இவர்களே அடித்து முடித்து, கட்டிப்பிடித்துக்கொண்டு வருவார்கள், அப்புறம் தான் இந்தக் கால்பேட்டை மண் படாமல் அவிழ்த்துப் பையில் வைக்க வேண்டும்.

சொல்லியே இருக்கக் கூடாது. நேற்று பஸ்ஸில் தூத்துக்குடி தாண்டியதும் சம்யுக்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்து முறுக்கு நீட்டினாள், அந்த முறுக்குதான் வாயைத் திறந்தது. நாளைக்கு ஆடுறதுதான் கடைசி, யார்கிட்டயும் சொல்லாதே என்று பவுலின் சொன்னாள். இருபத்துமூன்று வயசுக் கேப்டன் அழுதுவிட்டாள். எதற்கு அழ வேண்டும்? நீ அழுது நான் உன்னைச் சமாதானப்படுத்தி, உன் மூக்கைத் துடைக்க என் கைக்குட்டையைக் கொடுத்து, இது யாருடைய ஓய்வு? காலையில் அறையை விட்டு வெளியே வந்தால் எல்லா முகத்திலும் ஒரு பக்குவம், துக்க வீட்டில் காபி வாங்கிக்கொள்கிற முகம். டாஸ் போட்டு, ஃபீல்டிங் இறங்கி, ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியபோது எல்லாம் மறந்துதான் போயிற்று. குந்துவது மட்டும் எப்போதும் அவளை மறக்கடிக்கும். ஆனால் பத்தாவது ஓவரோ என்னமோ, ஆஃப் ஸ்பின் போடுகிற ஆக்னஸின் பந்து திரும்பி மட்டையைத் தாண்டியது, எதிரணிக்காரி கோட்டைவிட்டு வெளியே அரைத் தெருவுக்குப் போய்விட்டாள், கைக்குள் வந்த பந்து கையில் நிற்கவில்லை. பெருவிரலின் அடியில் பட்டு வெளியே உருண்டது. ஒரு குழந்தை எடுக்கிற ஸ்டம்பிங். ஆக்னஸ் இடுப்பில் கை வைத்து நிற்பாள், முறைப்பாள், ஏதாவது முனகுவாள் என்று பவுலின் காத்திருந்தாள். ஆக்னஸ் சிரித்தாள். பரவாயில்லக்கா என்றாள். ஸ்லிப்பில் நின்றவளும் சொன்னாள், பரவாயில்லக்கா. லாங்-ஆனிலிருந்து ஒருத்தி அவ்வளவு தூரம் கத்தினாள், பரவாயில்லக்கா என்று. என்னடி பரவாயில்லை? உன் விக்கெட் போயிருக்கிறது, நீ ஏன் என்னைத் திட்டவில்லை? முன்னாலெல்லாம் ஒரு கேட்ச் விட்டால் கேப்டன் ராத்திரிச் சாப்பாட்டில் எதிர் இலையில் உட்கார்ந்து சாம்பார் வாளியைக்கூடத் தள்ளிவிட மாட்டாள், அடுத்த ஆட்டத்தில் ஒன்றைப் பிடித்தால்தான் பேச்சு. அது எவ்வளவு மரியாதை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. எதிர்பார்ப்பு இருக்கிற இடத்தில்தானே கோபம் வரும். இவர்களுக்குத் தன்னிடம் எதிர்பார்ப்பே இல்லை. சுவரில் பட்டு பந்து திரும்பாவிட்டால் சுவரையா திட்டுவார்கள்.

பக்கத்து நாற்காலியில் பத்மஜா மேடம் கடலைமிட்டாய் சாப்பிடுகிறாள். கடைவாயில் ஒதுக்கிக் கடிக்கிற சத்தம் பவுலினின் காதுக்குள்ளேயே கேட்கிறது. இப்போது இந்த மாவட்ட அணிக்கு மேனேஜர், அப்போது மாநிலத் தேர்வாளர். பவுலினுக்கு இருபத்திரண்டு வயசில் இதே வாய்தான் சொன்னது, கை பிரமாதம், ஆனா உயரம் பத்தலையேம்மா, லெக் சைடுல மேல போறதை எப்படி எடுப்பே என்று. இருபத்தைந்தில் பெங்களூரில் ஒரு முகாம், இந்தியா ஏ அணிக்கு, இரண்டாவது கீப்பராக. முதல் கீப்பருக்கு விரல் வீங்கிப் போயிருந்தது. பவுலின் ராத்திரியெல்லாம் தூங்காமல் உள்ளங்கைக்குள் இன்னொரு உள்ளங்கையைக் குத்திக்கொண்டே கிடந்தாள். காலையில் அந்த முதல் கீப்பரே விரலில் டேப் சுற்றிக்கொண்டு இறங்கினாள், பவுலின் தண்ணீர் பாட்டில் தூக்கினாள். அதற்கப்புறம் ஒரு வருடம் பெயரே வரவில்லை, ஒரு வருடம் வந்து போயிற்று, திடீரென்று ஒரு நாள் வயசாயிட்டுதே என்றார்கள். இன்னும் வளரணும் என்பதற்கும் வயசாயிட்டுது என்பதற்கும் நடுவில் ஒரு வருடமாவது இருந்திருக்க வேண்டுமே, அது எந்த வருடம்? அந்த வருடத்தில் தான் எங்கே போயிருந்தாள்? காய்ச்சலில் கிடந்தாளா? காலையில் இட்லி தின்னும்போது மேடம் சொல்கிறாள், உன்னை மாதிரி ஒரு கை நான் பார்த்ததே இல்ல பவுலின், அப்போ நிலைமை அப்படி. நிலைமை. அது யாரு மேடம், எந்த ஊரு, கமிட்டியில எத்தனாவது நாற்காலியில உட்கார்ந்திருந்துச்சு? கேட்கவில்லை. சட்னி ஊற்றுங்க என்றுதான் சொன்னாள். இப்போது கேட்கலாம். கடலைமிட்டாய் முடியட்டும். கேட்டு என்ன ஆகப்போகிறது, கண்ணில் தண்ணீர் வரவழைத்துக்கொண்டு கையைப் பிடிப்பாள், பிசுபிசுப்பான கை. மேடம் உறையைக் கசக்கிக் காலடியில் போட்டுவிட்டு, இந்த ரெண்டு பேரும் முடிச்சிருவாங்க போலிருக்கே, நீ வேணா பேடைக் கழட்டிக்கோயேன் என்றாள். கரிசனம். பவுலின் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே. கம்பிகளுக்குள்ளிருந்து பார்த்தால் மேடம் கொஞ்சம் வெட்டுப்பட்டுத் தெரிந்தாள், அது நன்றாக இருந்தது.

ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சே திரும்பி வருகிறது. மூச்சோடு அதுவும் வருகிறது, எதற்காக இத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருக்கிறாளோ அது. அவர்கள் சொன்னது சரிதானோ? உயரமில்லை, வயசாயிட்டுது என்பதெல்லாம் மரியாதைக்குச் சொன்னதோ, உண்மையில் கையே அவ்வளவுதானோ? எதை வைத்து நன்றாக ஆடினோம் என்கிறாய்? யார் பார்த்தார்கள்? அந்தக் காலத்தில் பெண்கள் ஆட்டத்தை எவன் படம் பிடித்தான். குண்டூரில் ஒரு ஆட்டம். லெக் சைடில், மட்டைக்காரியின் உடம்பு மறைத்த பந்து, கண்ணுக்குத் தெரியாமல் வந்த பந்து, காதால் பிடித்தாள் என்றே சொல்ல வேண்டும், பிடித்த கையே பெயில்ஸைத் தட்டிவிட்டது, மட்டைக்காரியின் கால் கட்டைவிரல் அப்போது காற்றில் இருந்தது. அதைவிடச் சுத்தமாக வாழ்க்கையில் அவள் எதையும் செய்ததில்லை. திரும்பிப் பார்த்தால் லெக் அம்பயர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார், இல்லை என்று. மட்டைக்காரி தரையைப் பார்த்தாள். அவ்வளவுதான், அது நடக்கவில்லை. நடக்காததை எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருப்பது, யாரிடம் சொல்வது? அண்ணன் ரீகனிடமா? இனிமேலாவது ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஒழுங்கா வா என்று சொன்னான் அவன், ஏதோ இத்தனை காலமும் அவள் சாராயக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த மாதிரி. திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த நாற்காலி, இதுவரை பாதிநாள் காலியாகக் கிடந்த நாற்காலி, இனி தினமும் அதில் உட்கார வேண்டும். டைப் அடிக்கையில் வலது மோதிரவிரல் பக்கத்து எழுத்தில் விழும், மூன்று தடவை உடைந்து, நாய் வால் மாதிரி ஒரு பக்கமாய்ச் சேர்ந்த விரல். பக்கத்து சீட்டு அம்மா கேட்பாள், கதவுல நசுங்கிட்டாம்மா? ஆமா கதவுலதான். அந்த விரலைக் கையுறைக்குள் நுழைத்துப் பார்த்தாள், வலித்தது, வலிக்கிறதே என்று ஒரு திருப்தி. ஒரே ஒரு இன்னிங்ஸ். ஒன்றும் பெரிதாக வேண்டாம், பத்து பந்து, பத்து பந்து ஆடினால் கைக்குத் தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும், இருந்ததா இல்லையா என்று. அந்தப் பத்துப் பந்தைத்தான் இந்த இரண்டு சின்னக் கழுதைகளும் மாற்றி மாற்றி மேய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆறு ரன். இதோ இரண்டு ஓடிவிட்டார்கள். நான்கு.

அப்போது சம்யுக்தா ஒரு பந்தைத் தூக்கினாள். பவுலின் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள், எழுந்த பிறகுதான் பார்த்ததன் பொருள் மெல்ல உள்ளே இறங்கியது. மோசமான அடி அல்ல அது. மோசமான அடியை அவளுக்குத் தெரியும், கால் ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும், மட்டைக்காரி பந்தை அண்ணாந்து பார்த்து வாய்க்குள் எதையாவது சபிப்பாள். இவள் தலை நிமிரவில்லை. மிட்-ஆனில் நிற்பவளின் கைக்கு, தாம்பாளத்தில் வைத்து நீட்டுவது மாதிரி ஒரு பந்தைக் கொடுத்துவிட்டு, அவள் பிடிப்பதற்கு முன்பே மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நடக்க ஆரம்பித்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள். எல்லைக்கோட்டில் இருவரும் சந்தித்தபோது தோளைத் தட்டினாள்.

"போங்கக்கா. முடிச்சிட்டு வாங்க."

வேணும் என்றுதான் அடிச்சியா என்று கேட்க நாக்கு எழுந்தது. கேட்டால் இன்னொரு தடவை அழுவாள். போகாமல் இருந்துவிடலாம். அப்படியே நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அம்பயரே அவுட் கொடுத்துவிடுவார், பிச்சையைத் தட்டிவிட்டதாக இருக்கும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தாள். ஆனால் கால்கள் ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருந்தன. கேவலம் கெட்ட கால்கள். யார் போட்டாலும் தின்பேன் என்கிற கால்கள். அவள் மனசார வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது, ஒருத்தி விழுந்துவிட்டாள், தவறி விழாமல் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு விழுந்தாள், அதற்கும் இதற்கும் உள்ள தூரம்தான் இந்த எழுபது கஜமும். நடுவில் எதிரணிக்காரிகள் இரண்டு வரிசையாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமும் சம்யுக்தா சொல்லியிருக்கிறாள். கைதட்டல் வெயிலில் சாரமில்லாமல் டப் டப் என்று விழுந்தது, துணி அடிக்கிற சத்தம் போல. ஒருத்தி பெயரை மாற்றி வாழ்த்துகள் பவுலினாக்கா என்றாள். மிருதுளா ஓடிவந்து கையுறையோடு கையுறையை முட்டினாள், என்ன சொன்னாளோ, ஹெல்மெட்டுக்குள் பற்கள் மட்டும் தெரிந்தன. அம்பயரிடம் கேட்டு, மட்டை நிற்க வேண்டிய இடத்துக்கு கார்டு எடுத்தாள். நடு ஸ்டம்ப். மட்டை நுனியால் தரையில் கீறியபோது பின்னாலிருந்து எதிரணிக் கீப்பர், பதினெட்டு வயசுகூட இருக்காது, மெதுவாகச் சொன்னாள், லெக் சைடுல ஆளே இல்லக்கா, தட்டிவிட்டா போயிரும். ஒரு கீப்பர். ஸ்டம்புக்குப் பின்னால் நின்று மட்டைக்காரிக்கு வழி சொல்கிற கீப்பர். பவுலின் தன் வாழ்நாளில் அந்த இடத்திலிருந்து ஒரு மட்டைக்காரிக்கும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மூச்சு விட்டுக்கூடப் பயமுறுத்தியிருக்கிறாள்.

பந்து போட வந்தவள் பொற்கொடி. சேலத்துப் பெண், நெட்டை, காலையிலிருந்து இவள் ஒருத்திதான் எல்லோரையும் உதறவைத்தவள், போன வாரம் ஒரு பெண்ணின் விலாவில் போட்டு ஸ்கேன் வரைக்கும் அனுப்பியவள் என்று பேச்சு. பாதித் தூரத்திலிருந்தே ஓடிவந்தாள். கையிலிருந்து பந்து கிளம்பும்போதே தெரிந்துவிட்டது, இடுப்பளவில், லெக் பக்கமாக, மிதந்து, குழந்தைக்கு ஊட்டுகிற கவளம் போல வந்தது. உடம்பு அதை அடிக்கத் தாவியது. பவுலின் உடம்பைப் பிடித்து நிறுத்தி, பந்தைச் செத்த எலியைத் தள்ளுவதுபோல் காலடியில் தட்டி, குனிந்து கையில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று தலையசைத்துக் கேட்டாள். சரி என்று கீப்பர் சொன்னதும் எடுத்துக்கொண்டு பிட்ச்சின் நடுவே நடந்து போனாள். பொற்கொடி அங்கே நின்றாள், மரியாதையாக, கையைப் பின்னால் கட்டி.

"பந்து போடத் தெரியுமாட்டி உனக்கு?"

"அக்கா... சம்யுக்தாக்காதான் சொன்னாங்க, இன்னைக்கு உங்களுக்கு..."

"அவ எனக்குக் கேப்டன். உனக்கா கேப்டன்?"

பொற்கொடி தன் கேப்டன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உன்னை அடிச்சேன்னு நான் ஊர்ல போய்ச் சொல்லணும்னா, நீ போட்டிருக்கணும்ல? இப்பிடிப் போடுறதுக்கு எங்கண்ணன் மக போதும். இந்தா."

பந்தை அவள் நெஞ்சுக்கு நேரே எறிந்தாள், சற்று வேகமாகவே. பொற்கொடி பிடித்தாள். பிடித்த முகத்தில் என்னமோ மாறிற்று. மூக்கு விடைத்தது. அக்கா என்கிற சொல் அந்த முகத்திலிருந்து இறங்கிப் போய்விட்டது. அம்பயர் சீக்கிரம் என்று கை காட்டினார். அவள் திரும்பி நடந்தாள், பாதியில் நிற்கவில்லை, காலையில் கீறி வைத்த தன் அடையாளம் வரைக்கும் நடந்தாள், அதையும் ஒரு தடவை காலால் ஆழமாக்கிக் கீறினாள்.

இப்போது பயம் வந்தது. சுத்தமான, பழைய பயம், அதோடு காது திறந்து, வேப்பமரமும் மேடமும் கைதட்டலும் எல்லாம் எங்கேயோ விழுந்து போயின. அவள் ஓடிவருகிறாள். நெட்டைக் கால்கள், கூந்தல் முடிச்சு ஆடுகிறது, கை காதை உரசி மேலே போகிறது, மணிக்கட்டு, பந்தின் தையல், தையல் நேராக நிற்கிறது, கண் இருக்கிறது, பவுலினே உனக்குக் கண் இருக்கிறது, தையலைக்கூடப் பார்க்கிறாய், வெளியே போகிற பந்து, முன்னங்கால், இல்லை, விழுந்து உள்ளே வருகிறது, உள்ளே, மட்டையை இறக்கு, இறக்கு. மட்டைக்கும் பேடுக்கும் நடுவே ஒரு காற்று போயிற்று. பின்னால் மரம் முறிகிற சத்தம். நடு ஸ்டம்ப் மல்லாந்து உருண்டு கீப்பரின் கால்வரை போய்க் கிடந்தது.

பொற்கொடி கத்தினாள். ஊளை மாதிரி, இரண்டு முஷ்டியும் மடங்கி, கழுத்து நரம்பு தெரிய, பவுலினின் முகத்துக்கு நேரே கத்தினாள். அந்த ஒரு கணம் அவள் கண்ணில் இரக்கம் என்கிற பூச்சியே இல்லை. பிறகுதான் ஞாபகம் வந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மைதானம் முழுக்க யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, கைதட்டுவதா, பக்கத்தில் போவதா. மிருதுளா தலையில் கை வைத்து நின்றாள்.

"அக்கா, சாரிக்கா..."

"சாரி சொன்னே, பல்லைப் பேத்துருவேன்." பவுலின் கையுறையைக் கழற்றினாள். "நல்ல பந்து."

திரும்பி நடந்தாள். நடக்க நடக்க உடம்பு எரிந்தது, அவமானம்தான், சைபர், பத்தொன்பது வருடத்தின் கடைசி எண் சைபர். ஆனால் இன்று காலையிலிருந்து யாரும் அவளுக்குக் கொடுக்காத ஒன்றை அந்த நெட்டைக் குட்டி கொடுத்துவிட்டாள், அவள் தானாகக் கொடுக்கவில்லை, பறித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. எல்லைக்கோட்டில் பத்மஜா மேடம் சரிகை போட்ட சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகத்தில் எந்த உணர்ச்சியை வைப்பது என்று தெரியாமல். பக்கத்தில் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வேணாம் மேடம், வியர்த்துக் கிடக்கு என்று பவுலின் சொல்லி, நிற்காமல் தாண்டிப் போனாள். சம்யுக்தா எதிரே வந்து வாயைத் திறந்தாள், அவளையும் தாண்டிப் போனாள். மரத்துக்கு அந்தப் பக்கம், யாருடைய நாற்காலியும் இல்லாத இடத்தில், வேரின் மேல் உட்கார்ந்து கால்பேட்டின் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். மைதானத்தில் கூச்சல். மிருதுளா அடித்து முடித்திருப்பாள், முடிக்கட்டும். கண்ணுக்குள் அந்தப் பந்து திரும்ப வந்தது. தையல் நேராக, விழுந்து உள்ளே. அவள் அதைப் பார்த்திருக்கிறாள், கடைசி வரை பார்த்திருக்கிறாள், மட்டைதான் ஒரு மயிரிழை தாமதம். தாமதம்கூட இல்லை, முன்னங்கால் குறுக்கே போனதால் மட்டை சுற்றி வர வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை. திரும்பவும் அவள் ஓடிவருகிறாள், கை மேலே போகிறது. காலை நேராக வைத்தால் மட்டை தானாகக் கீழே வந்துவிடும், நடு மட்டையில் படும், மிட்-ஆனுக்கும் மிட்விக்கெட்டுக்கும் நடுவே போகும். அடுத்த ஆட்டத்தில் காலை நேராக வைக்க வேண்டும் என்று பவுலின் நினைத்தாள். நினைத்ததில் இருந்த பிழை உடனே அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திருத்தாமல் விட்டாள்.